பூம்பாறை ஏற்றம்

கொடைக்கானலில் பட்டறை வைத்திருக்கும் எந்த மெக்கானிக்கும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "மலை ஏறினா மனுசனுக்கே மூச்சு வாங்குது, வண்டிக்கு வாங்காதா?" கீழேயிருந்து வரும் டூரிஸ்ட்டுகள் வண்டி இழுக்கவில்லை என்று புலம்பினால் இதைச் சொல்லி அனுப்பிவிடுவோம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். சந்தோஷ்குமாரிடமும் நான் அதைத்தான் சொன்னேன். அவன் டூரிஸ்ட் இல்லை, பூம்பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் போளூர்க்காரன், மலையிலேயே பிறந்து மலையிலேயே வண்டி ஓட்டுகிறவன் என்பது அப்போது இந்த எல்வின் மண்டையில் உறைக்கவில்லை.

அவனுடையது டர்போ வைத்த டீசல் கார். டர்போ காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளினால்தான் அந்த வண்டிக்கு ஏற்றத்தில் பலம். சில நேரம் அந்தப் பலம் திடீரென்று போய்விடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்துவிடுகிறது என்றான். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன், கோளாறு எதுவும் காட்டவில்லை. தனியாக ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தேன். குதிரை மாதிரி ஓடியது. வசனத்தைச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி ஜெயப்பிரியாவுக்கு உதிரப்போக்கு கண்டது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று அவளையும் மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பியிருக்கிறான். பூம்பாறை தாண்டியதும் ஏற்றத்தில் வண்டி ஊர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அரை மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். அந்தப் பேச்சை அவர் விழுங்கியிருக்கக் கூடாதா?

மாமனார் குருநாதன் பின்சீட்டில் மகளின் தலையை மடியில் வைத்திருந்தவர். பயத்தில் மாப்பிள்ளைக்குக் கால் நடுங்கிவிட்டது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே இல்லை என்று அவர் சொன்னதை ஊரே நம்பியது. மறுநாள் அதே வண்டி ஒழுங்காக ஓடியது வேறு அவர் பேச்சுக்குச் சாட்சியாகிவிட்டது. அவனோடு அவர் பேசுவதையே விட்டுவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சந்தோஷ்குமார் என் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, ரிப்பேர் பாக்க வேணாம். அன்னைக்கு இழுக்காமப் போனது வண்டியா, என் காலான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

அன்று வண்டியில் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். நான் ஓட்டிப் பார்த்தது ஒற்றை ஆளாக. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதே அளவு பாரத்துக்கு உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேன், பூம்பாறையில் காத்திருப்பதாகவும் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்க் காத்திருந்தேன். வந்த காரில் மூட்டைகளோடு குருநாதனும் உட்கார்ந்திருந்தார். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்த முகம். ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் இரண்டு வளைவும் வண்டி நன்றாகவே ஏறியது. மூன்றாவதில் ஏற்றம் செங்குத்து. முன்பக்கம் புஸ்ஸென்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. வேகம் நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியது.

"மிதிங்க," என்றார் குருநாதன்.

"மிதிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்ததை அவர் பார்த்தார். பக்கத்தில் இருந்த சந்தோஷ்குமார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். அன்று மாமனார் கேட்டதற்கு அவனும் அதையேதான் சொன்னானாம்.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சும்மா ஓடும்போது மூடியே இருக்கும். பாரத்தோடு ஏறும்போது காற்றின் அழுத்தம் கூடினால்தான் பிளந்துகொள்ளும். பழைய ட்யூப் துண்டைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். பத்து நிமிஷ வேலை.

அவ்வளவு நேரமும் குருநாதன் பக்கத்திலேயே நின்றார். முன்னமே பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் அதுதான் வந்தது. ஆனால் கோளாறான வண்டியில் பெண்டாட்டியை ஏற்றினான் என்ற புதுப்பழி நாளைக்கு அவன் தலையில்தான் விழும்.

"தெரிஞ்சிருக்கும்ங்க. அதுக்கு மூணு வாரம் முந்தியே எங்கிட்ட கொண்டாந்தாரு. ஆளேத்தி ஓட்டிப் பாக்காம நாந்தான் ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்சீட்டை விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி, மருமகன் பக்கம் பார்த்தார்.

"ஆசுபத்திரி வரைக்கும் ஓட்டுங்க மாப்ளே. எம்புட்டு நேரமாகுதுன்னு பாக்கணும்."

சந்தோஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினான். குருநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். ரோட்டோரத்தில் நின்று பார்த்தேன். அந்த ஏற்றத்தில் வண்டி ஓரிடத்தில்கூடத் திணறவில்லை.