மைதானத்துத் தாள்

விசில் சத்தம் நிற்கவே இல்லை. ஊதுகிறவர் மூச்சுவிட மறந்ததுபோல, பின்பக்க மைதானத்திலிருந்து ஒரே இழுப்பாகக் கேட்டது.

கரும்பலகையில் 'ஓசோன்' என்று எழுதிக்கொண்டிருந்த அறிவியல் டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். வெயில் கண்ணைக் குத்தியது. புகையில்லை, தூசியில்லை, துலக்கிக் கவிழ்த்த பாத்திரம்போல வானம். அதனடியில், ஓடுபாதையின் வளைவில், கொக்கு சுருண்டு கிடந்தாள்.

நீளக் கால்களுக்காகப் பள்ளிக்கூடமே வைத்த பெயர் கொக்கு. டீச்சருக்கு அக்கா மகள். அக்கா போன பிறகு இவள் வீட்டில்தான் வளர்கிறாள். பள்ளியில் 'மிஸ்', வாசலைத் தாண்டினால் 'சித்தி'. மூச்சிளைப்பு உண்டு, ஆனாலும் ஓட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"மருந்து அடிச்சும் கேக்கல டீச்சர்!" விளையாட்டு மாஸ்டர் விசிலைக் கீழே போட்டார். "நல்ல காத்துன்னு நீங்கதானே எங்களை இங்க தள்ளினீங்க? முன்னாடி காலையில ரோட்டுப் பக்கம் ஓடினப்போ பறந்துட்டிருந்தா!"

"பேச்சை அப்புறம் வச்சுக்கலாம், தூக்குங்க சார்!"

தள்ளியது டீச்சர்தான். "ஓசோன் மேல இருந்தா நமக்குக் குடை, தரையில இருந்தா விஷம். வண்டிப் புகை மேல வெயில் பட்டா உண்டாகும்" என்று பாடம் நடத்தி, மாவும் ரசாயன உப்பும் தடவிய தாள்களைப் பிள்ளைகளை விட்டு மாட்டச் சொன்னாள். ரோட்டோரத்து கேட்டில் ஒன்று, மைதானத்துக் கம்பத்தில் ஒன்று. கழற்றி நனைத்தால் ஓசோன் பட்டது ஊதாவாகிக் கறுக்கும்; அப்புறம் தாளின்மேல் இடத்தின் பேரை எழுத வேண்டும். "கேட்டுத் தாள்தான் கறுக்கும், வேணும்னா பாருங்க" என்று அடித்துச் சொன்னாள். அப்படியே ஆயிற்று. வகுப்பு கைதட்டியது. அந்தத் தாள்களைத் தலைமையாசிரியர் மேசையில் போட்டுத்தான், பயிற்சியை ரோட்டுப் பக்கத்திலிருந்து பின்மைதானத்துக்கும், வண்டி குறைகிற மத்தியானத்துக்கும் மாற்றவைத்தாள்.

ஆம்புலன்ஸ் குலுங்கியது. ஆக்சிஜன் மூடிக்குள் கொக்கின் உதடு நீலம் பாரித்திருந்தது. இறுகியிருந்த கையை டீச்சர் மெல்லப் பிரித்தாள். உள்ளே இன்றைய மைதானத்துத் தாள். பயிற்சி முடிந்ததும் தாள்களைக் கழற்றி, பேர் எழுதி வருவது முதலிலிருந்தே கொக்கின் வேலை. வியர்வையில் நனைந்து, கத்தரிக்காய்த் தோல்போலக் கறுத்திருந்தது.

பரீட்சைக்கு வராது என்று தாண்டிப்போன, பாடத்தின் கடைசிப் பத்தி அப்போதுதான் டீச்சரின் நினைவில் தட்டியது. வண்டியிலிருந்து அப்போதே வரும் புகை, பக்கத்திலிருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். காற்றோடு தள்ளிப்போன புகைதான், வெயில் ஏற ஏற, திறந்த வெளியில் ஓசோனாகச் சமையும்.

அப்படியானால் போன தடவை மைதானத்துத் தாள் எப்படி வெளுப்பாக இருந்தது?

"இது ஏன்டி இப்படிக் கறுத்திருக்கு? அன்னைக்கு வெள்ளையா இருந்துச்சே?"

நர்ஸ் அதட்டியும் கேளாமல் கொக்கு மூடியை விலக்கினாள்.

"அன்னைக்கும்... இதுதான் சித்தி கறுத்துச்சு. நீங்க சொன்னது தப்பாப் போச்சுன்னு எல்லாரும் சிரிப்பாங்களேன்னு... நான்தான் ரெண்டுலயும் பேரை மாத்தி எழுதினேன்."