அரத்தில் செய்த கத்தியும் அதன் பிடியும்

அருங்காட்சியகத்தின் பின்னறையில், மேசை விளக்குக்கு அடியில் கத்தி கிடந்தது. பரிசோதகர் அதைத் தொடாமலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். எதிரே அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் அம்மா ஒன்று, அப்பா வேறு.

அக்கா கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய அப்பா சிப்பாய். பதுங்குகுழியில் கிடந்த நாட்களில் தன் கையாலேயே செய்த கத்தி அது. கத்தி வந்தது, அவர் வரவில்லை. அவர் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பெயரோடு அது இருக்க வேண்டும். பரிசோதகர் அசல் என்றால்தான் நடக்கும்.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? பரீட்சை கத்திக்குத்தான், உனக்கில்ல" என்றான் தம்பி.

"வாய மூடுடா."

பரிசோதகர் பூதக்கண்ணாடியை இறக்கி வைத்தார். "பிடி இடிக்குதும்மா. குழிக்குள்ள உயிரக் கையில பிடிச்சிட்டிருந்தவர் இப்படி விளிம்பெல்லாம் இழைச்சு வார்னிஷ் அடிப்பாரா? இது பட்டறை வேலை."

"அப்போ போலியா?" என்றாள் அக்கா.

"கழட்டினாத்தான் தெரியும். கழட்டட்டுமா?"

தலையாட்டினாள். அவர் ஆணிகளைத் தட்டி எடுத்து, பிடியின் இரண்டு மரத்துண்டுகளையும் பிரித்தார். உள்ளே இருந்த இரும்பில் அரத்தின் பற்கள் அப்படியே இருந்தன. அவர் முகம் மலர்ந்தது.

"அசல்தான்! பழைய அரத்தத் தேய்ச்சுச் செஞ்சிருக்கார். போலி பண்றவன் அரம்னு காட்டவே அலகுல பல்ல விட்டு வைப்பான். இவர் வெளிய தெரியறத மட்டும் தேய்ச்சிட்டு, பிடிக்குள்ள போறத விட்டுட்டார். யார் பாக்கப் போறான்னு நினைச்சிருப்பார். பிடி மட்டும் பின்னாடி வேற யாரோ போட்டது. அதுவும் ஒரு சின்னக் கைக்கு அளவெடுத்து."

அக்கா திரும்பினாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லித் தொலை."

"எங்கப்பாதான். நீ சின்னப் பிள்ளையில அத உறையோட கட்டிப் பிடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவியாம். பழைய பிடி உளுத்துக் கொட்டிடுச்சு. நீ பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றதுக்குள்ள மாத்திட்டு, பழசுக்கே மெருகு போட்டதா உன்கிட்ட சொல்லிட்டார். ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட சொன்னப்ப, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார்."

தம்பியின் அப்பா தச்சர். ஊரார் கூப்பிட்டதுபோல அவளும் அவரைத் தச்சர் என்றுதான் கூப்பிட்டாள். அப்பா என்று ஒருநாளும் வாயில் வரவில்லை. வர விடவில்லை என்பதே சரி. தன் அப்பாவின் உள்ளங்கை பட்ட இடம் என்று அவள் இத்தனை வருடம் தடவிக்கொண்டிருந்தது தச்சரின் வேலையை. இப்போது அவரும் இல்லை.

"அலகை மட்டும் பெட்டிக்குள்ள வெச்சிடலாம்மா. உங்கப்பா பேரும் போட்டுடலாம். இந்த மரம் எங்களுக்கு வேண்டாம்" என்றார் பரிசோதகர்.

"எனக்கு வேணும்."

பஸ் நிறுத்தத்தில் நின்று மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இப்போது அதில் அவளுடைய மூன்று விரல்தான் அடங்கியது. தச்சர் சாகும்போது அவள் வெளியூரில் வேலையில் இருந்தாள். போகவில்லை.

"கடைசியில என்னைக் கேட்டாரா?"

தம்பி தலையாட்டினான். "கேட்டார். வீட்டுல தச்சர்னு கூப்பிட ஆளே இல்லையேடான்னார்."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அது போய்விட்டது.