ராமாயி வீட்டுச் சாமை

எங்கள் வீட்டிலிருந்து ஊர்க்கவுண்டர் பட்டத்தைத் தனபால் பறித்துக்கொண்டான் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். யாரும் பறிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்த பட்டத்தைப் பறிக்கக்கூடிய ஆள் இந்த அரியூர் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. நடந்தது வேறு. அதை நானே சொல்லி எழுதவைப்பதுதான் முறை.

கண்ணில் புரை விழுந்த பிறகு, ஊர்க்கூட்டத்தில் எதிரே நிற்பவன் முகம் எனக்குத் தெரியவில்லை. முகம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அதனால் இந்த ஆடித் திருவிழாவில் பட்டத்தை என் மகன் தமிழ்செல்வனுக்குக் கட்டுவதென்று முடிவு செய்தேன். அவன் போர்வெல் லாரியில் வெளிமாநிலங்களில் சுற்றுகிறவன். ஒரே மகன். பட்டம் தலையில் ஏறினால் ஊரில் தங்குவான் என்ற ஆசையும் எனக்கும் என் மனைவி சென்னம்மாளுக்கும் இருந்தது.

பட்டம் கட்ட எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி சாமை வாங்கி, கோயில் முன்னால் ஒரே பானையில் பொங்க வேண்டும். புதுக் கவுண்டர் முதலில் உண்பார். பிறகு ஊர் உண்ணும். ஒரு வீட்டுச் சாமை குறைந்தாலும் பட்டம் இல்லை. அதை எங்கள் வீட்டுக்கு யாரும் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சாமை வாங்கப் போன முரளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எல்லா ஊட்டுலயும் ஆச்சுங்க. ராமாயி ஊட்டுல மட்டும்..."

"ஏன், சாமை இல்லையாமா?"

"இருக்குதுங்க. முறத்துல போட்டுப் பொடச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கேக்க வேண்டியவங்க வந்து கேக்கட்டும்னு சொல்லிப்போட்டுதுங்க."

என் பங்காளி மகன் தனபால் பக்கத்தில் நின்றிருந்தான். எங்களை விட்டால் பட்டம் அவனுக்குத்தான் போகும். அவன் சிரித்தான்.

"ஒரு கைப்பிடி சாமைக்குப் பெரியப்பன் நடக்கோணும் போல. செருப்பு எடுத்து வெக்கட்டுங்களா?"

"என் செருப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ராமாயி ஏன் மறுத்தாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தமிழ்செல்வனுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, எங்கள் ஊர்ப் பையன்கள் எட்டுப் பேர் மலையில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தார்கள். ஐப்பசி விடுமுறைக்குக் காட்டுவழியே ஊருக்குக் கிளம்பியவர்கள், இரண்டு ஓடைகளுக்கு நடுவில் இருக்கும் மேட்டில் மாட்டிக்கொண்டார்கள். மழை அப்படிக் கொட்டியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை. மழைக்கு விடுதியிலேயே தங்கிவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று விடுதியில் நினைத்தார்கள். விடுதிக் காப்பாளர் சவரிமுத்து, மலைக்குக் கீழே இருந்து வந்தவர், மூன்றாம் நாள் தற்செயலாக வந்து விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கயிறு கட்டி ஓடையைக் கடந்து போனோம்.

பாறைக் குடைவுக்குள் தீ எரிந்துகொண்டிருந்தது. ஆறு பையன்கள் அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். என் மகன் ஒரு கல்லின்மேல், துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, கையில் கோலோடு உட்கார்ந்திருந்தான். ராமாயி மகன் சின்னுசாமி வெளியே ஒரு பலாமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். எட்டு வயதுப் பிள்ளை. உடம்பு விறைத்திருந்தது. என் மகனின் தலைப்பாகையை நான்தான் அவிழ்த்தேன்.

மற்றப் பையன்கள் பிறகு சொன்னதைக் கொண்டுதான் நடந்தது தெரியவந்தது. முதல் நாள் குடைவைக் கண்டுபிடித்தவன் என் மகன். தீப்பெட்டி நனையாமல் காத்தவன் அவன். யாருடைய காட்டிலோ மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவந்து சுட்டுப் பங்கிட்டவனும் அவன்தான். அவன் இல்லாவிட்டால் எட்டுப் பேரும் போயிருப்பார்கள் என்று இன்றும் சொல்வேன். மறுநாள் காலை, எல்லோருக்கும் என்று எடுத்துவைத்த கிழங்கைச் சின்னுசாமி பசி தாங்காமல் தின்றுவிட்டான். என் மகன் கூட்டம் கூட்டினான். சின்னுசாமியை ஊர்விலக்கு வைத்தான். நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அதற்கு முந்தின மாதம்தான், கோயில் நிலத்து எல்லைக்கல்லை நகர்த்திய ஒரு குடும்பத்தை நான் விலக்கிவைத்திருந்தேன். பையன்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்கள். என் தீர்ப்பு சரியான தீர்ப்பு. அந்தக் குடும்பம் கல்லைத் திரும்ப நட்டு ஊரோடு சேர்ந்துகொண்டது. ஆனால் அவர்களுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. சின்னுசாமிக்கு மழைதான் இருந்தது. அதன் பிறகு நான் யாரையும் விலக்கிவைக்கவில்லை.

மழையிலும் குளிரிலும் இறந்ததாக எழுதி முடித்தார்கள். விலக்கிவைத்தவன் கவுண்டர் வீட்டுப் பிள்ளை என்பதால் ஊர் வாயைத் திறக்கவில்லை. சவரிமுத்து மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். புருஷன் இல்லாத ராமாயிக்கு அவன் ஒரே பிள்ளை. அவள் என் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நான் போனபோது அவள் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க. இந்த ஊட்டுக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

"சாமை குடுக்கலைன்னு முரளி சொன்னான்."

"குடுக்கமாட்டேன்னு நான் சொல்லலீங்களே. கேக்கறவங்க கேக்கட்டும்னேன்."

"நான் கேக்கறேன். போதாதா?"

"உங்களுக்கா பட்டம் கட்டறாங்க?"

என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "ஊர் வழக்கத்த மீறினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "என்னங்க ஆகும்? நெருப்பும் தண்ணியும் நிறுத்துவீங்களா?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"உங்க பையன வரச்சொல்லுங்க" என்றாள். "அடிக்கமாட்டேன். சாபமும் உடமாட்டேன். ஒரே ஒரு கேள்வி. அத அவங்கிட்டத்தான் கேக்கோணும்."

தமிழ்செல்வன் வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் வந்து இறங்கினான். முகத்துக்கு முகம் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, உடம்பெல்லாம் கருத்து, என்னைவிடக் கிழவனாக இருந்தான். நேராக ராமாயி வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்குச் சொன்னேன். "மழை பேஞ்சுது, குளிர் தாங்கல. அவ்வளவுதான் சொல்லு. மேல பேசாத. நம்ம ஊட்டு மானம் அதுல இருக்குது." அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

ராமாயி அவனுக்கு முக்காலி எடுத்துப் போட்டாள். "உக்காரு கண்ணு."

அவன் உட்காரவில்லை. சாமை கேட்க வந்திருப்பதாகச் சொன்னான்.

"தாரேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. எம்பையன் கடைசியா என்ன பேசுனான்?"

"மழைங்க... குளிரு தாங்காம..."

"மழை இங்கயும்தான் பேஞ்சுது சாமி. அது எனக்குத் தெரியும். அவன் என்ன பேசுனான்?"

தமிழ்செல்வன் என் பக்கம் திரும்பினான். நான் தலையை அசைத்தேன், வேண்டாமென்று. அவன் அவள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ராத்திரி கூப்பிட்டானுங்க. எப்பவும் அண்ணான்னுதான் கூப்பிடுவான். அன்னைக்கு அப்படிக் கூப்பிடல. 'கவுண்டரே, உள்ள வரட்டுங்களா'ன்னு கேட்டான்."

ராமாயி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலீங்க. விலக்கி வெச்சவங்கிட்டப் பேசக்கூடாதுங்களே."

"எத்தன தடவ கேட்டான்?"

"கேட்டுக்கிட்டே இருந்தானுங்க. அப்பறம் கேக்கல."

முற்றத்தில் ஒரு கோழி மிளகைக் கிளறியது. அதை விரட்டக்கூட யாருக்கும் கை எழவில்லை. ராமாயி அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கை நிறையச் சாமை இருந்தது.

"அவன் பயந்து அழுதுக்கிட்டே செத்தான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். மரியாதையாக் கேட்டிருக்கான். எம்புள்ள முறையாத்தான் கேட்டிருக்கான்." கையை நீட்டினாள். "புடி. இது ஊருக்குக் குடுக்கறது. உனக்கில்ல."

தமிழ்செல்வன் கையை நீட்டவில்லை.

"வாங்குடா" என்றேன்.

"வேண்டாம்பா."

"வாங்குன்னு சொல்றேன். நம்ம ஊட்டுப் பட்டம்."

"பட்டம் கட்டுனா நாளையிலிருந்து ஊரே என்னயக் கவுண்டரேன்னு கூப்பிடும். காலையில எந்திரிச்சா, வெளிய போனா, எல்லாரும். அவன் கூப்பிட்ட மாதிரி. நான் எப்படிப்பா அதுக்குப் பதில் சொல்லுவேன்?"

அவன் ராமாயியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான். வீட்டுக்கு வரவில்லை. சென்னம்மாள் அவனுக்காக ஆக்கிவைத்த சோறு அப்படியே இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான் என்று அவள் இன்றும் சொல்கிறாள். ஊர்க்கூட்டத்தில் எத்தனையோ பேரை நிற்கச் சொன்ன வாய் இது. அன்று திறக்கவில்லை.

நீட்டிய கையோடு நின்ற ராமாயியிடம் நான் மேல்துண்டை விரித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் யாரிடமும் துண்டு விரித்ததில்லை. அவள் சாமையைக் கொட்டினாள். அதை நானே கொண்டுபோய் மூட்டையில் சேர்த்தேன். ஊர் பட்டம் இல்லாமல் இருக்கக்கூடாது.

ஆடியில் தனபாலுக்குப் பட்டம் கட்டியாயிற்று. கட்டியது என் கைதான். கொடுத்தது நாங்கள், எடுத்தது யாருமில்லை. ஊர் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தனபால் அன்று சிரிக்கவில்லை. பானையிலிருந்து முதல் உருண்டையை அவன் உண்டான். ராமாயியும் வந்து வரிசையில் உட்கார்ந்து உண்டாள்.

தமிழ்செல்வன் ஒடிசாப் பக்கம் வேலையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். போன் செய்தால் அம்மாவிடம் பேசுகிறான். என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை. அவன் குரல் கேட்கட்டும் என்று சென்னம்மாள் போனை என் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறாள். நான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.