கல்லிலிருந்து அளந்தது

அன்று காலை டாக்டர் ஆரோக்கியதாஸின் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: டாக்டர், முப்பத்து மூன்று வருடம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன், அவர் மகன் எழிலரசன், வயது முப்பத்தொன்று, மருமகள் இலக்கியா, இலக்கியாவின் தாய்மாமனும் மீமிசல் மீன் வியாபாரியுமான நாகராசு. வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகக் கேட்டதாகப் புதுக்கோட்டையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

நாகராசு செல்போனை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு தாளின் போட்டோ.

"ஏழு சென்டிமீட்டர். நான் சொல்லல, எழுதியிருக்கு."

கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகியும் குழந்தை இல்லை என்று எழிலரசன் தானாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்ட இடத்தில் கொடுத்த தாள் அது. நாகராசுவின் போனுக்கு அது எப்படி வந்தது என்பதை அங்கே வேலை பார்க்கும் அவருடைய ஆள்தான் சொல்ல வேண்டும். மீமிசல் முதல் கட்டுமாவடி வரை அந்த ஏழு பரவிவிட்டது.

"இந்த டாக்டரும் ஏழுன்னு சொன்னா, பொண்ணை இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன் சம்பந்தி. தீர்த்துவிட்டுருங்க."

ஆத்மநாதன் நாற்காலியில் சாயவில்லை. அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை. தாளில் அளவு எழுதியிருந்த அந்த உறுப்பின் பெயரை ஆயுளில் ஒருதரம்கூட வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, இன்றைக்கும் அதைச் சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

"இன்னொரு எடத்துல ஒம்போதுன்னு எழுதியிருக்கான்," என்று சட்டைப் பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தார். "ஒரே நெலத்துக்கு ரெண்டு அளவு வந்தா, தப்பு நெலத்து மேலயா, அளந்தவன் மேலயா? எதால அளந்தான், எங்கேருந்து ஆரம்பிச்சான், ரெண்டு தாள்லயும் ஒரு வரி இருக்கா?"

டாக்டர் இரண்டையும் பார்த்தார். "இல்ல. டேப் புடிச்சிருப்பாங்க. டேப் வளையும், தொய்யும். ஒருத்தர் தோல்லேருந்து பாத்திருப்பாரு, இன்னொருத்தர் கொஞ்சம் அமுக்கியிருப்பாரு. ரூம் குளிரா இருந்தாலே சுருங்கும். ஆள் கனமா இருந்தா அடிவயித்துக் கொழுப்பு பாதியை மறைச்சுரும்."

"அப்ப எது சரிங்க?"

"மெதுவா இழுத்துப் புடிச்சு, நேரான ஸ்கேலை அடிவயித்து எலும்புல முட்டுற வரைக்கும் அழுத்தி, நுனி வரைக்கும் பாக்கணும். நுனித்தோல் கணக்குல வராது. ஒரே ஆள், ஒரே மாதிரி, மூணு தரம் பாக்கணும்."

ஆத்மநாதனுக்கு முகம் தெளிந்தது. "எலும்புதான் கல்லு. கொழுப்பு வரப்பு. வரப்பை எவன் வேணா அகலமாக் கட்டிக்கலாம். சர்வே கல்லு அசையாது."

"சார்ஜாவுல நாலு வருசம் உக்காந்து தின்னு கட்டுன வரப்பு மாமா அது," என்றாள் இலக்கியா.

எழிலரசன் அவளை முறைக்கப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அளக்கட்டும்ப்பா," என்றான். "பயந்துக்கிட்டு ஓடுனான்னு ஒரு பேச்சு வேணாம்."

டாக்டர் ஏசியை நிறுத்திவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்தார். ஆத்மநாதன் கையை நீட்டி மறித்தார்.

"டாக்டர், சைபர் எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

ஸ்கேலின் முனைக்கும் சைபர் கோட்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் வெற்றிடம். முனையை எலும்பில் வைத்தால் அந்த அரை கணக்கில் வராது. ஆத்மநாதன் சட்டைப் பையில் பேனாவோடு குத்தியிருந்த தம் எஃகு ஸ்கேலை உருவினார். அதில் முனையே சைபர்.

"பதினஞ்சு சென்டிமீட்டரா?" என்றார் நாகராசு. "எதுக்கு சம்பந்தி அவ்வளவு? பாதியை ஒடிச்சுக் குடுங்க, போதும்."

ஆத்மநாதன் ஸ்கேலை முழுசாகவே டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் ஸ்கேலை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு எழிலரசனோடு பச்சைத் திரைக்குப் பின்னால் போனார். இலக்கியா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராசு காலை ஆட்டினார்.

"பன்னெண்டு நாலு," என்றது திரை. பிறகு, "பன்னெண்டு ஆறு." பிறகு, "பன்னெண்டு அஞ்சு."

டாக்டர் வெளியே வந்து கை கழுவினார். "சராசரி பன்னெண்டரை. எல்லாரையும் போலத்தான். இப்படி அளந்து ஒம்போதுக்கும் கொறைஞ்சாத்தான் நாங்க யோசிப்போம். குழந்தை விஷயம் வேற. அதுக்கு ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும், இந்த நீளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"ஒங்க ஸ்கேலு, நீங்க பாத்து வச்ச டாக்டரு," என்றார் நாகராசு. "பன்னெண்டு என்ன, இருவதுன்னுகூடச் சொல்லலாம்."

ஆத்மநாதன் எழுந்தார். முதுகு தூண் மாதிரி நின்றது.

"அப்ப வாங்க நாகராசு. அதே ஸ்கேலு, அதே டாக்டரு, அதே எலும்பு. ஒங்க ஆண்குறியையும் அளந்துருவோம். ரெண்டு தாளையும் மீமிசல் கடைத்தெருவுல நானே ஒட்டுறேன்."

அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது, அதுவும் மருமகள் முன்னால். ஆத்மநாதன் தலை குனியவில்லை. அடுத்தவன் தன் மகனைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதைவிட, தாம் ஒரு தடவை சொன்னது அசிங்கமாக அவருக்குப் படவில்லை.

நாகராசு திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "ஐஸ் வண்டி வெளியில நிக்குது. வெயில் ஏறிருச்சு."

"நாகராசு மாமா," என்றாள் இலக்கியா. "நான் எங்கிட்டும் வாரதா இல்ல. அந்தப் போட்டோவை இங்கயே அழிச்சுட்டுப் போங்க."

அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் அழித்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் தாளில் 12.5 என்று எழுதினார். ஆத்மநாதன் திருப்பிக் கொடுத்தார். "எப்படி அளந்தீங்கன்னும் எழுதுங்க." நேரான எஃகு ஸ்கேல், எலும்பிலிருந்து நுனி வரை, மூன்று தடவை, அளந்தவர் ஒருவரே என்று நான்கு வரி வந்த பிறகுதான் மடித்துப் பையில் வைத்தார்.

இப்போது மீமிசலில் வேறொரு பேச்சு நடக்கிறது. அன்றைக்கு நாகராசுவையும் அளந்தார்கள், அவர் ஐந்தில் நின்றார், அதனால்தான் வாயை மூடிக்கொண்டார் என்கிறார்கள். அது பொய். நாகராசு திரைக்குப் பின்னால் போகவே இல்லை.