ராய்ஸின் டிரக்கும் என் பம்பு அறை விளக்கும்

பம்பு அறைப் பெட்டியின் சுவிட்சைத் தூக்கினால் உள்ளே தொங்கும் சூட்டு விளக்கு ஒரு கணம் மின்னும். உடனே, மின்சாரத்துக்காகப் பெட்டிக்கு வயர் இழுத்திருந்த ராய்ஸின் டிரக்கில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், எல்லாம் அணைந்துபோகும். எத்தனை முறை முயன்றாலும் இதே கதைதான். பனிமழையில் மின்கம்பங்கள் சாய்ந்து டெக்சாஸின் எங்கள் மூலை முழுவதும் கரண்ட் இல்லை. என் மாடுகள் தொட்டியின் அடியில் கிடந்த பனியை நக்கிக்கொண்டு நின்றன. அவற்றில் பாதி சினை.

ராய்ஸ் என் மனைவி டார்லாவின் அண்ணன். எட்டு சிலிண்டர் வண்டியைக் கொடுத்துவிட்டு, ஆறு சிலிண்டரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்டை வாங்கியிருந்தான். மாட்டு ஏலத்தில் அதை கோல்ஃப் வண்டி என்று கேலி செய்தவர்களில் என் குரல்தான் உரக்கக் கேட்டது. அதன் பின்தட்டில் வீட்டில் இருப்பதுபோலப் பிளக்குகள். பேட்டரி மின்சாரம் கொடுக்கும். அது இறங்கினால் எஞ்சின் தானாகக் கிளம்பி ஏற்றிவிட்டு மறுபடி ஓய்ந்துவிடும். என் வண்டியைக் கிளப்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் ஒரு பம்பை ஓட்ட அதற்கு வழியில்லை.

டார்லா காப்பியை முதலில் அவனிடம் நீட்டினாள். “நீங்க இருக்கிறதால தப்பிச்சோம்ணே.”

“இன்னும் தப்பிக்கல,” என்றேன். “என்ன மச்சான், கோல்ஃப் வண்டிக்கு மூச்சு வாங்குதா?”

“சிரிங்க மாப்ளே. உங்க வண்டிய கெணத்துப் பக்கத்துல நிறுத்தி உறும விடுங்க. தண்ணி பயந்துபோய் மேல வருதான்னு பாப்போம்.”

டார்லா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. கோளாறு டிரக்கில்தான் என்று அவள் கண்முன்னே காட்டிவிட நினைத்தேன். வயரோடு ஒரு பல்பைக் கொண்டுவந்து நேராக டிரக்கின் பிளக்கில் செருகினேன். அசையாமல் எரிந்தது. பெட்டியில் விளக்கு லைனை இறக்கிவிட்டு மோட்டாரை மட்டும் போட்டேன். அதையும் டிரக் தாங்காது என்றுதான் எதிர்பார்த்தேன்.

மோட்டார் ஓடியது.

ராய்ஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். “இந்த வயரிங் யாரு பண்ணது?”

நான்தான். அந்தக் குளிரிலும் காது சூடேறியது. பொய் சொல்லியிருப்பேன், ஆனால் விஷயம் தெரிந்த டார்லா பக்கத்திலேயே நின்றாள்.

“நான்தான் மச்சான். நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா முறுக்கி வெச்சிருக்கேன்.”

தான் அனுப்பிய மின்சாரம் முழுவதும் சரியான கம்பி வழியே திரும்புகிறதா என்று டிரக் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். மோட்டாருக்கு நியூட்ரல் தேவையில்லை; மின்சாரம் வரும் இரண்டு லைவ் கம்பிகளே போதும். குழாய் உறையாமலிருக்க நான் தொங்கவிட்ட சூட்டு விளக்குக்கோ நியூட்ரல் வேண்டும். அதன் மின்சாரம் என் முறுக்கில் இரண்டாகப் பிரிந்து, பாதி எர்த் வழியே போனது. யாருக்கோ ஷாக் அடிக்கிறது என்று பயந்து டிரக் தன்னை நிறுத்திக்கொண்டது. செய்யவேண்டியதைத்தான் செய்தது.

குழாய் வாயில் முதலில் இருமல், பிறகு துரு, பிறகு தண்ணீர். மாடுகள் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிக்கு வந்தன. வெள்ளை டிரக் சத்தமே இல்லாமல் நின்றது. அதன் எஞ்சின் எப்போதுதான் உறுமும் என்று காத்திருந்தேன்.

விளக்கு லைன் இறங்கியே இருக்கட்டும். குழாயைச் சாக்கால் சுற்றிவிட்டேன். பம்பு ஓடுகிறது.