ரம்பத்தின் மறுமுனை

வாருங்கள். திருச்செங்கோட்டுக்குள் நுழையும் சாலையோரம் இருக்கும் இந்த இயந்திரக் கடையின் வாசலில் சற்று நேரம் நில்லுங்கள். இங்கே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. கூச்சல் இல்லை, குருதி இல்லை, காவல் நிலையத்தில் பதியக்கூடிய குற்றம் எதுவுமே இல்லை. கடைக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே, ஒருவர் நாற்காலியில் அமர்ந்து ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கடைக்கு வெளியே, சித்திரை வெயிலில், ஒரு மொபெட் தரும் கையகல நிழலில் இன்னொருவர் குந்தியிருக்கிறார். இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்யப்போகிறவர் அவர்தான். அவரை யாரும் உள்ளே அழைக்கவில்லை. அநீதி அவ்வளவுதான். கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

உள்ளே இருப்பவர் தண்டாயுதபாணி. மல்லசமுத்திரம் பக்கத்தில் தென்னந்தோப்பு உள்ளவர், வயது ஐம்பத்தொன்பது. கொடுமைக்காரர் என்று அவரை எவரும் சொன்னதில்லை. போன வாரம் கோடை மழையோடு வீசிய காற்று, மாடு கட்டும் கட்டுத்தரையின் மேல் ஒரு பெரிய வேப்பமரத்தைச் சாய்த்துவிட்டது. மரம் அறுக்கும் ஆட்களோ நாளை வருகிறோம், நாளை வருகிறோம் என்று நாளைக் கடத்தினார்கள். வீட்டோடு சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார். வெளியே இருப்பவர் சின்னுசாமி. அதே வயது. நாற்பது ஆண்டுகளாக அந்தத் தோப்பில் வேலை செய்கிறவர்.

“பெட்ரோல்ல ஓடற மரம் அறுக்கற மிஷினு வேணுமுங்க. கரண்டு மிஷினுன்னா தோப்புக்குள்ள ஒயரு எட்டாது. வெலை கம்மியா இருக்கோணும், பிளேடு நீளமா இருக்கோணும்,” என்றார் தண்டாயுதபாணி.

கடைக்காரி ஜெயப்பிரியா சிரித்தாள். முப்பது வயது, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். “நீளம் பாத்து வாங்கறதுக்கு இது வேட்டி இல்லீங்கய்யா. ஊட்டு வேலைக்குப் பதினாறு அங்குலம் தாராளம். பிளேடு நீள நீளப் புடிக்கறவங்க தோளுதான் எறங்கும்.”

மேசைமீது இரண்டு இயந்திரங்களை எடுத்து வைத்தாள். சிறியதன் முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தட்டு நின்றது. அதைப் புறங்கையால் தட்டினாள், டக்கென்று பூட்டிக்கொண்டது. “அறுக்கறப்ப பிளேடு மூக்கு எதுலயாச்சும் பட்டுதுன்னா, மிஷினு மூஞ்சிக்கு நேராத் துள்ளுமுங்க. அப்ப நம்ம புறங்கை இதுல மோதும். மோதுன நொடியே செயின் நின்னுரும்.”

“அந்தப் பெருசுலயும் தட்டு இருக்குதே?”

“இருக்குதுங்க. சோளக்காட்டுப் பொம்மை மாதிரி, சும்மா பாக்கறதுக்கு. பூட்டாது. வெலை கம்மின்னா எங்கயாச்சும் கொறைப்பாங்கல்லங்க?”

கண்ணுக்கு முன்னால் கம்பி வலை தொங்கும் தலைக்கவசம் ஒன்றை அவரிடம் நீட்டினாள். தண்டாயுதபாணி அதை அணிந்து, கண்ணாடி அலமாரியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். மனத்துக்கு இதமாக இருந்தது. இந்த உடம்பு பத்திரமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. “செரி, சின்னதையே போடும்மா. இந்தத் தொப்பியும் இருக்கட்டும்,” என்றார்.

“அறுக்கப்போறது நீங்கதானுங்களே? வார் அளவு வச்சுத் தாரேன்.”

“நானா! முட்டி வலியோட நான் எங்க அறுக்கறது? அறுக்கறது நம்ம ஆளு.”

சொல்லி முடிக்கவில்லை, அவர் கை தானாக உயர்ந்து தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தது. அறிவு அதற்கு ஆணையிடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை அது. அதற்கு ஆணை தேவையில்லை.

“அப்படீன்னா தொப்பி எதுக்கு? அந்தப் பெரிய மிஷினே போதும்மா.”

ஜெயப்பிரியாவின் முகம் மாறியது. “ஏனுங்கய்யா, உங்க ஆளுக்கு மட்டும் தலை இரும்புலீங்களா?”

“அவன் பதனமா அறுப்பாம்மா. சின்ன வயசுப் பழக்கம்.”

“பழக்கம் அவருக்குங்க. மிஷினுக்கு இல்லீங்களே.”

ஆனாலும் விற்றாள். கேட்டு வந்தவர் கேட்டதைக் கொடுத்தாள். இரண்டுக்கும் இருந்த விலை வித்தியாசம், பேத்தி அபிநயாவின் பூப்புச் சீருக்குத் தண்டாயுதபாணி சாலை முக்கில் கட்டிய விளம்பரப் பதாகையின் விலைகூட இல்லை.

மொபெட்டின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சின்னுசாமி உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. அந்த வாடை தண்டாயுதபாணியை நாற்பது ஆண்டுகளுக்கு அப்பால் இழுத்துச் சென்றது.

“சின்னுசாமி, அந்தக் கெணத்துமேட்டுப் புளியமரம் ஞாபகமிருக்குதா?”

“மறக்குமுங்களா சாமி? ரெண்டு நாளு இழுத்தமே.”

அப்போது இருவருக்கும் பத்தொன்பது வயது. புயலில் விழுந்த புளியமரத்தை அறுக்க, இரண்டு முனையிலும் கைப்பிடி உள்ள, எண்ணெய் தடவிய ஆளுயர ரம்பம் ஒன்றைத் தண்டாயுதபாணியின் தந்தை இரவல் வாங்கி வந்திருந்தார். அந்த ரம்பத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. ஒருவன் இழுக்கும்போது மற்றவன் கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். முதல் நாள் காலை முழுவதும் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ரம்பம் வளைந்தது, மாட்டியது, இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். உச்சி வெயிலுக்குள் பேச்சு நின்றுவிட்டது. சர்ர்... சர்ர்... என்று ஒரே மூச்சு. புளிப்பு வாசத்தோடு செந்தூள் இருவர் பாதங்களையும் ஒன்றுபோல் மூடியது. மறுநாள் ஓர் இழுப்பில் ஏதோ மயிரிழை தளர்வு தண்டாயுதபாணியின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டார். சுற்றி வந்து பார்த்தால், சின்னுசாமியின் கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. சொல்லாமலே தெரிந்திருந்தது! தன் துண்டைக் கிழித்து அவர் கையில் கட்டினார். அந்த இரண்டு நாளைப்போல இனிமையான உழைப்பை அவர் பிறகு கண்டதே இல்லை.

“எப்படி இருந்தோம், பாரு,” என்றார் மொபெட்டை ஓட்டியபடி. “உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு...”

“ஆமாங்க. ரம்பத்துக்கு ரெண்டு பக்கமும் புடி இருந்துச்சு. தண்ணிக்குத்தானுங்க இல்லாமப் போச்சு.”

தண்டாயுதபாணி சிரித்தார். சிரித்த பிறகுதான் உறைத்தது. அன்று தனக்குப் பித்தளைச் சொம்பிலும் சின்னுசாமிக்குக் கொட்டாங்குச்சியிலும் தண்ணீர் வந்ததை, நாற்பது ஆண்டுகளாக அவர் நினைவு ஒருமுறைகூட எடுத்துக் காட்டியதில்லை. இன்று கொட்டாங்குச்சி போய்விட்டது. அந்த இடத்துக்குக் காகிதக் கோப்பை வந்திருக்கிறது. அதைத்தான் முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம்!

மறுநாள் காலை சின்னுசாமி இயந்திரத்தை இழுத்துக் கிளப்பினார். காலில் செருப்பில்லை. தலையில் ஒரு துண்டு. கட்டுத்தரையிலிருந்து இருபதடி தள்ளி, மனைவி ஜானகியம்மாள் கொடுத்த எவர்சில்வர் டம்ளரோடு தண்டாயுதபாணி நின்றார். ஜானகியம்மாள் சின்னுசாமிக்கான காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை நிற்கட்டும் என்று காத்திருந்தார்.

இயந்திரம் வேப்பமரத்துக்குள் வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. “பாத்தியா ஜானகி, நீளப் பிளேடுன்னா சும்மாவா?” என்றார் தண்டாயுதபாணி.

பிளேடின் மூக்கு, அடியில் மறைந்திருந்த இன்னொரு கிளையைத் தொட்டது.

நடந்தது கண் இமைக்கும் நேரம். இயந்திரம் துள்ளி மேலே பாய்ந்தது. புறங்கை தட்டில் மோதியது; தட்டு மடங்கியது; சங்கிலி நிற்கவில்லை. சின்னுசாமி கழுத்தை ஒடித்துத் திருப்பினார். துண்டு இரண்டாகக் கிழிந்து பறந்தது. கீழே விழுந்த இயந்திரம் மண்ணைக் கடித்துத் தூவிவிட்டு அணைந்தது. கடை வாசலில் குருதி இல்லை என்று பார்த்தோமே. இதோ, ஒரே நாளில் அது வழி கண்டுகொண்டு வந்து சேர்ந்தது. சின்னுசாமியின் இடது காதுக்கு மேலிருந்து வழிந்தது.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிய தண்டாயுதபாணி, அச்சத்தில் முதலில் சொன்ன சொல் இதுதான்: “ஏண்டா, பதனமா அறுக்கக் கூடாதா?”

சின்னுசாமி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். “துண்டு போச்சுங்க சாமி. போன தீவாளிக்கு நீங்க எடுத்துக் குடுத்தது,” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அவரைப் போயி ஏனுங்க வையறீங்க? இந்தக் கருமத்தை வாங்கியாந்தது ஆரு?” என்று கணவரிடம் சீறிய ஜானகியம்மாள், சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சின்னுசாமியின் தலையில் அழுத்திப் பிடித்தார். அந்த மனிதரை அவர் தொட்டது அதுவே முதல் முறை. கீழே கிடந்த காகிதக் கோப்பையை யாரோ மிதித்திருந்தார்கள்.

சின்னுசாமி மெல்லப் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது.

“பதனமாத்தானுங்க அறுத்தேன். அந்தக் காலத்து ரம்பத்துல மறுமுனைல நீங்க இருந்தீங்க. என் கை துளி தளந்தாலும் உங்க கைக்குத் தெரிஞ்சுது. இதுல மறுமுனைன்னு ஒண்ணும் இல்லீங்க. எனக்கு என்ன ஆனாலும் உங்களுக்குத் தெரியாது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “வாங்கறப்ப ஒரு வார்த்தை கேட்டிருந்தா, புடிச்சுப் பாத்துச் சொல்லியிருப்பேனுங்க. நான் வாசல்லதானுங்களே குந்தியிருந்தேன்.”

தண்டாயுதபாணிக்குத் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு காலத்தில் சொல்லாமலே அறிந்த கை. நேற்றுத் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்ததும் அதே கை.

சின்னுசாமியின் தலையில் ஏழு தையல். அவை பிரிக்கப்படுவதற்கு முன்பே, கட்டோடு அவரை அழைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார் தண்டாயுதபாணி. மொபெட்டை நிறுத்தியதும் சின்னுசாமி வழக்கப்படி அதன் நிழலில் குந்தப்போனார். தண்டாயுதபாணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “உள்ள வா. இன்னிக்கு நீதான் வாங்கற.”

கட்டைப் பார்த்த ஜெயப்பிரியா இன்னொரு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். பிறகு சின்னுசாமியிடம் சொன்னாள்: “எங்கப்பா ரிக் வண்டில போர்க் கெணறு போடப் போனவருங்க. வலது கைல ரெண்டு வெரலை வேத்தூர்ல உட்டுட்டுத்தான் வந்தாரு. அப்பேர்ப்பட்டவர் மவ, தட்டு பூட்டாதுன்னு தெரிஞ்சே வித்தேன். எம்மேலயும் தப்புதானுங்கண்ணா.”

பெரிய இயந்திரத்தை மேசைமேல் வைத்தார் தண்டாயுதபாணி. “இதை எவனுக்கும் வித்துராத தாயி.”

“பிரிச்சுப் போட்டர்றேனுங்க. இனி அந்த மாடலே கடைக்குள்ள வராது.”

சின்னுசாமி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியை அழுத்தி, சாய்த்து, நிமிர்த்தி. ஜெயப்பிரியா அன்று காட்டிய சிறியதைக்கூட வைத்துவிட்டார். “மூக்கு கனக்குதுங்க.” மூன்றாவதாக எடுத்தது அதைவிட ஒரு கை சிறிது, விலையும் குறைவு. “இது கையோட வருது.” புறங்கையால் தட்டை அடித்தார். டக். இன்னொரு முறை. டக். “மெய்யாலுமே பூட்டுதுங்களே!” என்று பச்சைப்பிள்ளையாகச் சிரித்தார். கட்டுக்கு இடம்விட்டு வாரைத் தளர்த்தி, ஜெயப்பிரியா தலைக்கவசத்தைப் பொருத்தினாள்.

“தொப்பி எப்படீங்க சாமி இருக்குது?”

“என்னைச் சாமின்னு கூப்புடாத சின்னுசாமி. பேரைச் சொல்லு.”

“உங்க பேரு ரொம்ப நீளமுங்க. பாதிலயே மூச்சு வாங்கும்.”

மூவரும் சிரித்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து தேநீர் வந்தது. ஒரே மாதிரி மூன்று கண்ணாடித் தம்ளர்கள். முதல் தம்ளரைத் தண்டாயுதபாணி எடுத்தார். எடுத்துச் சின்னுசாமியின் கையில் கொடுத்தார். பிறகு ஜெயப்பிரியாவைப் பார்த்துச் சொன்னார்: “வாங்கறவன் நான்தான்னு நெனச்சேன் தாயி. புடிக்கறவன்தான் வாங்கோணும். அவன் தலையை வெலை கொறைச்சுக் கேக்கறதுக்கு நான் ஆரு?”

படிப்பவர்களே, இது ஒரு தோப்புக்காரரின் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தென்னை ஏறுகிறவருக்கு இடுப்பு வாரில்லாத ஊர் உங்களுடையது. மருந்தடிக்கிறவருக்கு முகமூடி வாங்காத வயல் உங்களுடையது. கூலிக்கு வரும் உடம்பு மலிவானது என்று எண்ணும் பழக்கம் ஒழியாதவரை, நாம் வாங்கும் எந்தக் கருவியும் மலிவானதன்று. மிச்சத்தை இன்னொருவரின் உடம்பிலிருந்து வசூலிக்கிறோம். ஆகவே எழுந்திருங்கள். அடுத்த முறை கருவி வாங்கப் போகும்போது வாசலைத் திரும்பிப் பாருங்கள். வெயிலில் குந்தியிருப்பவரை உள்ளே அழையுங்கள். நாற்காலி போடுங்கள். கருவியை அவர் கையில் கொடுத்துக் காத்திருங்கள். அவர் “இது வேண்டாம்” என்றால், அதை வாங்காமல் திரும்புங்கள்.