நாலு பேர் வேலை

விடிவதற்குள் ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது. முன்னால் நின்று மரத்தைத் தள்ளுபவன் மைனாவின் புருஷன். பின்னால் நின்று பலகையை இழுப்பவள் மைனா. ஓயாமல் பேசுவதால் பட்டறையில் வைத்த பெயர் அது. அன்று அவள் வாயே திறக்கவில்லை. ரம்பம் என்றைக்கும் இல்லாமல் அலறியது.

எட்டுப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. மழைக்காட்டை வெட்டிப் பாழாக்கிய மலைச்சரிவில் இப்போது மறுபடி காடு வளர்க்கிறார்கள். சீக்கிரம் வளரும் மரங்களை முதலில் நிழலுக்கு நட்டு, அடியில் காட்டு மரக் கன்றுகள் தலையெடுத்ததும் நிழல் மரங்களை வெட்டி எடுப்பார்கள். அந்த மரத்தில்தான் இங்கே கரண்டியும் சீப்பும் செய்வது. வாங்கும் கடைக்காரம்மா விலையில் ஒரு பங்கைக் கன்று நடவே அனுப்பிவிடுவார்.

நிழல் மரம் வெளிறி, மெத்தென்று இருக்கும். இன்று லாரியில் வந்திறங்கியதோ, இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத மரம். உள்ளே கருஞ்சிவப்பாக வயிரம் பாய்ந்து கிடந்தது. நட்ட மரம் இல்லை என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பாதி அறுக்கும்போது வயிரம் தாங்காமல் ரம்பத்தின் எஃகுப் பட்டை அறுந்தது. சுழன்று வந்து புருஷனின் காதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கழுத்து. மைனா முந்தானையால் அவன் காதை அழுத்திப் பிடித்தாள்.

முதலாளி ஓடி வந்தார். காயத்தைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார்.

“கட்டுப் போட்டுட்டு வேற பட்டை மாட்டுங்க. பத்து மணிக்குக் கடைக்காரம்மா வர்றாங்க. கேட்டா நட்ட மரம்னு சொல்லணும். மைனா, நீ சொன்னா நம்புவாங்க.”

“இது காட்டு மரம்ங்க,” என்றாள் மைனா.

“எனக்குத் தெரியாதா? நிழல் மரம் அடுத்த வருஷம்தான் நிறைய வரும். இருக்கிறதை வச்சு நாலு பேருக்குத்தான் வேலை. மத்த நாலு பேர் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இல்லைன்னா வாயை மூடிட்டு அறுங்க.”

யாரை வெட்டுவது என்று கத்தியை அவர்கள் கையிலேயே கொடுத்த மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வருவது மைனா வீட்டில் மட்டும்தான். முதலில் யார் தலை உருளும் என்று கேட்கவே வேண்டாம். ஒரு பொய்தானே, சொல்லித் தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தாள். ஆனால் இந்த லாரி போனால் அடுத்த லாரி வரும். ஒரு பக்கம் கன்று நட்டு மறுபக்கம் காட்டை அறுக்கும் கூத்துக்கு அவள் சாட்சி சொல்ல வேண்டும். புருஷனோ தினமும் அந்தப் பட்டைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

“நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன்,” என்றாள்.

மெருகு போடுபவரைப் பட்டறையே சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். “நீ எதுக்கு நிக்கணும்? இன்னிக்கு நீ, நாளைக்கு நான். நாலு பேர் வேலையை எட்டுப் பேரும் பாதிப் பாதி நாளாப் பங்கு போட்டுக்குவோம்.”

“பாதிக் கூலியில என் வீட்டு அடுப்பு எரியுமா சித்தப்பா?” என்றாள் சீப்புக்குப் பல் வெட்டுபவள்.

“எரியாது. என் வீட்லயும் எரியாது.”

மைனாவின் புருஷன் காதில் கட்டோடு வேறு பட்டையை மாட்டி ரம்பத்தை ஓடவிட்டான். பிறகு பல் வெட்டுபவளே எழுந்துபோய் ரம்பத்தின் சுவிட்சை அணைத்தாள். “காது போனது போதும்,” என்றாள்.

சத்தம் நின்றதும் முதலாளி வந்தார். “யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“எட்டுப் பேரையும் கேட்டுத்தான்,” என்றார் சித்தப்பா.

அதற்குள் கடைக்காரம்மா சிரித்தபடி உள்ளே வந்துவிட்டார். மரத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. “மைனா, இது சரிவுலேர்ந்து வந்த மரமா?”

முதலாளி அவளையே பார்த்தார். பின்னால் ஏழு பேரும் நெருங்கி வந்து நின்றார்கள்.

“இல்லைங்கம்மா. காட்டு மரம். நட்ட மரம் நாலு பேர் வேலைக்குத்தான் இருக்கு. எட்டுப் பேரும் அதையே பங்கு போட்டுச் செய்யறோம். சரக்குக் கொஞ்சமாத்தான் வரும். வாங்கறதை மட்டும் நிறுத்திடாதீங்க.”

கடைக்காரம்மா முதலாளியோடு உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குரல்கள் ஏறி இறங்கின; ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“எனக்கு இன்னும் நடுங்குதுடி,” என்றாள் மைனா.

“எனக்கும்தான்,” என்றாள் பல் வெட்டுபவள். “கதவு தொறக்கும்போது எட்டுப் பேரும் இங்கயே நிக்கணும். கையைக் குடு.”